ஜெர்மனியில் முதல் மூன்று மாதம்: தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவதிலிருந்து

"பழைய எண் 14, புதிய எண் 27, இரண்டாவது மாடி, பிள்ளையார் கோயில் எதிரில்" என்று முகவரி எழுதிப் பழகியவர்களுக்கு ஜெர்மன் முகவரி மொட்டையாகத் தெரியும். தெருப் பெயர், கட்டட எண், ஐந்து இலக்க அஞ்சல் எண், ஊர், அவ்வளவுதான். பன்னிரண்டு குடும்பம் குடியிருக்கும் கட்டடத்தில்கூடப் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனி எண் கிடையாது. தபால்காரர் கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைப் படித்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். யாரும் மாடியேறி வந்து விசாரிக்க மாட்டார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வரி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை, அதன் ரகசிய எண், அபராத நோட்டீஸ் எல்லாம் இந்த நாட்டில் இன்னும் காகிதத்தில்தான் வருகின்றன. வந்து ஒரு மாதமாகியும் எந்த அலுவலகத்திலிருந்தும் பதிலே இல்லை என்று தவிப்பவர்கள் முதலில் கீழே இறங்கிப் போய்த் தங்கள் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல நேரம் அங்கே காலி செய்துபோன குடித்தனக்காரரின் பெயர்தான் இருக்கும்.

சாவி கையில் வந்த அன்றே ஒரு வெள்ளைத் தாளில் பெயரை எழுதி, மேலே கண்ணாடி டேப் ஒட்டி, பெட்டியிலும் வாசல் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள். பிறகு கட்டட நிர்வாகம் பொறித்த தகடு போட்டுக் கொடுக்கும். அதற்குப் பல வாரம் ஆகலாம், காத்திருக்க வேண்டாம். அறை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால், வீட்டுக்காரர் அனுமதியோடு அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் ஒட்டுங்கள். அது முடியாதபோது முகவரியில் உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் 'பை' (bei) என்று போட்டு வீட்டுக்காரரின் குடும்பப் பெயரை எழுத வேண்டும். இன்னார் வீட்டில் இருப்பவர் என்று அதற்குப் பொருள்.

எந்தப் பெயரை எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ஜெர்மன் குடும்பத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர். நம் வழக்கம் வேறு. கார்த்திக்கின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் முருகேசன் இருக்கும், மனைவியின் பாஸ்போர்ட்டில் அதே கட்டத்தில் கார்த்திக் இருக்கும், குழந்தைக்கும் கார்த்திக். ஆக அலுவலகக் கடிதம் கணவருக்கு 'ஹெர் முருகேசன்' என்றும் மனைவிக்கு 'ஃப்ராவ் கார்த்திக்' என்றும் வரும். பெட்டியில் 'கார்த்திக்' என்று மட்டும் ஒட்டினால் கணவருக்கு வரும் கடிதம் திரும்பிப் போகும். வீட்டில் இருக்கும் அத்தனை பேரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துவைத்து, குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இனிஷியல் போடாதீர்கள், அதன் விரிவுதான் உங்கள் குடும்பப் பெயராக அவர்கள் பதிவில் இருக்கும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், ஜெர்மனிக்குப் புறப்படும் முன்பே அதைச் சரிசெய்துகொள்வது நல்லது. நேரமில்லையென்றால் விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே வரிசையை வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் பயன்படுத்துங்கள். ஓர் இடத்தில் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் வேறு மாதிரி என்று போனால், பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நின்றுபோகும்.

முகவரிப் பதிவு

அடுத்தது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஊரின் குடிமக்கள் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள் கணக்கில்லை, வீட்டுக்குள் குடிபுகுந்த நாள்தான் கணக்கு. தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைப்பதே அபூர்வம். அதனால் கிடைக்கும் முதல் தேதியைப் பதிந்து, உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் காலத்தில் முயன்றதற்கு அதுவே சான்று. காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையத்தில் மறுபடி பாருங்கள். மற்றவர்கள் ரத்து செய்த நேரங்கள் அப்போது கண்ணில் படும். நகரத்தின் எந்தக் கிளை அலுவலகத்திலும் பதியலாம் என்ற வசதி பல ஊர்களில் உண்டு. வீட்டுக்குப் பக்கத்துக் கிளைதான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: எல்லோரின் பாஸ்போர்ட், விசா, நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிச் சீட்டு. திருமணமானவர்கள் திருமணச் சான்றிதழும், குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழும் எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டுக்கும் நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருந்தால் அங்கே இங்கே அலைய வேண்டியதில்லை. கணவன், மனைவி, குழந்தை மூவரின் குடும்பப் பெயரும் ஒன்றாக இல்லாத நமக்கு இது இன்னும் அவசியம். இவர்கள் ஒரே குடும்பம்தான் என்று நிரூபிக்க அந்தச் சான்றிதழ்களை விட்டால் வேறு வழியில்லை.

அந்த உறுதிச் சீட்டின் ஜெர்மன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் (Wohnungsgeberbestätigung). வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் எழுத்து தவறாமல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போய்த் திரும்பி வருபவர்கள் ஏராளம். ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. வீட்டுக்காரர் பெயரும் முகவரியும், வீட்டு முகவரி, குடியேறிய தேதி, குடியேறும் அனைவரின் பெயர் ஆகியவை அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். இதைக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. "தங்கிக்கொள்ளலாம், ஆனால் பதிவு செய்யக் கூடாது" என்று சொல்லும் வீட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பதிவில்லாமல் வரி எண் வராது, பல வங்கிகளில் கணக்குத் திறக்க முடியாது, விசா நீட்டிப்பும் சிக்கிக்கொள்ளும்.

படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் வரும். இந்துக்களும் முஸ்லிம்களும் அதைக் காலியாக விடலாம், பின்விளைவு ஏதுமில்லை. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்ட் சபையினரும் மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே எழுதுவதை வைத்துத்தான் சம்பளத்தில் தேவாலய வரி பிடிப்பார்கள். உங்கள் வருமான வரித் தொகையில் பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பர்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். சபை உறுப்பினர் என்றால் அது முறையான வரி. ஆனால் என்னவென்று தெரியாமல் ஏதோ ஒன்றை எழுதிவிட்டுச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பது தேவையில்லாத வேலை.

பதிவு முடிந்ததும் ஒரு சான்றுத் தாள் தருவார்கள். அங்கேயே நின்று பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'த'வுக்கு வரும் இரண்டு எழுத்தில் ஒன்று விடுபடுவதும், பெயரின் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறுவதும் அடிக்கடி நடக்கும். அந்த நிமிடத்தில் சொன்னால் அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் இன்னொரு டெர்மின் தேட வேண்டும்.

வரி எண், முதல் சம்பளம்

பதிவான இரண்டு முதல் நான்கு வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். மத்திய வரி அலுவலகம் தானாகவே அனுப்பும், தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். வரவில்லையென்றால் அந்த அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் மறுபடி கேட்கலாம். அதுவும் தபாலில்தான் வரும். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள். இந்த எண் கிடைக்காதபோது நிறுவனம் ஆறாம் வரி வகுப்பில் சம்பளம் கணக்கிட நேரலாம். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை இந்த வகுப்புதான் தீர்மானிக்கும், ஆறாம் வகுப்பில் பிடித்தம் மிக அதிகம். எண்ணைக் கொடுத்த பிறகு அடுத்த மாதங்களில் சரிசெய்துவிடுவார்கள். பணம் போய்விடாது, ஆனால் புதிதாக வந்து முன்பணம், பாத்திரம், மெத்தை என்று செலவழிக்கும் மாதத்தில் அது கையைக் கடிக்கும்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள் முதலாம் வகுப்பில் இருப்பார்கள். கணவனோ மனைவியோ வந்து சேர்ந்து முகவரி பதிந்ததும் இருவரும் நான்காம் வகுப்புக்கு மாறுவார்கள். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் சம்பாதிப்பவர் மூன்று, மற்றவர் ஐந்து என்று மாற்றிக்கொள்ள வரி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் கைக்கு வருவது நன்றாகவே கூடும். இது தானாக நடக்காது என்பது தெரியாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவக் காப்பீடு

இங்கே அவசரப்பட்டு எடுக்கும் முடிவைப் பின்னால் மாற்றுவது கடினம். அதனால் நிதானமாகப் படியுங்கள். வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். அடிப்படைக் கட்டணம் சம்பளத்தில் 14.6 சதவீதம். அதோடு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தனித்தனியே வைத்திருக்கும் கூடுதல் சதவீதம் சேரும். இரண்டையும் நீங்கள் பாதி, வேலை தரும் நிறுவனம் பாதி கட்டுவீர்கள். ஆண்டுச் சம்பளம் 2026-க்கான வரம்பான 77,400 யூரோவைத் தாண்டினால் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். இளம் வயதில், தனி ஆளுக்கு அது மலிவாகத் தெரியும். முகவர்களும் அந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். பொதுக் காப்பீட்டில் வருமானமில்லாத மனைவியும் குழந்தைகளும் கூடுதல் கட்டணமின்றி உங்கள் பெயரிலேயே சேர்ந்துகொள்வார்கள். தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் தனிக் கட்டணம், வயதோடு அது ஏறவும் செய்யும். திரும்பிப் பொதுக் காப்பீட்டுக்கு வருவது எளிதில் நடக்காது. குடும்பத்தை அழைத்துவரும் எண்ணம் இருந்தால் பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள்.

மாணவர்களுக்கு இன்னும் கூர்மையான எச்சரிக்கை. முப்பது வயதுக்குள் இருந்தால் பல்கலைக்கழகச் சேர்க்கையின்போது மாணவர் கட்டணத்தில் பொதுக் காப்பீடு கிடைக்கும். மலிவு என்று தனியாரை எடுத்து, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குச் சான்று வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை அந்த விலக்கை ரத்து செய்ய முடியாது. விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு வேறு, இது வேறு. பயணக் காப்பீட்டை வைத்துக்கொண்டு ஆண்டை ஓட்ட முடியாது.

அட்டை வந்ததும், உடம்பு நன்றாக இருக்கும்போதே, வீட்டருகில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிப் பதிந்துகொள்ளுங்கள். பல மருத்துவர்கள் புது நோயாளிகளை எடுப்பதில்லை. காய்ச்சலோடு ஐந்து வாசலுக்கு ஏறி இறங்க நேர்ந்தால் கஷ்டம். மூன்று எண்களைக் கைப்பேசியில் பதிந்துவையுங்கள்: உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 112, காவல்துறைக்கு 110, இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கடும் காய்ச்சல், வாந்தி என்று காத்திருக்க முடியாத, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்கு 116117. மருந்துச் சீட்டு இப்போது காப்பீட்டு அட்டை வழியாகவே போகிறது. மருந்துக் கடையில் அட்டையை நீட்டினால் போதும். பெரியவர்கள் சீட்டு மருந்து ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 5 முதல் 10 யூரோ வரை தங்கள் பங்காகக் கட்ட வேண்டும்.

உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாவிட்டால், வேலை தொடங்கும் முன்பே மேலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவர் சான்று வேண்டும். முதல் நாளிலிருந்தே கேட்கும் நிறுவனங்களும் உண்டு, ஒப்பந்தத்தைப் பாருங்கள். பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 2023 முதல் அந்தச் சான்றை நிறுவனமே மின்வழியில் எடுத்துக்கொள்கிறது. அதற்காக நீங்கள் சொல்லாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

விசா முடிவதற்குள்

கொண்டுவந்த விசா பெரும்பாலும் சில மாதத்துக்குத்தான் இருக்கும். வதிவிட அட்டைக்கான விண்ணப்பம் விசா முடியும் தேதிக்கு முன்னால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நேரம் கிடைப்பது பிறகு நடக்கட்டும், விண்ணப்பம் முன்னால் போக வேண்டும். முகவரி பதிந்த அதே வாரத்தில் இணையத்தில் அனுப்பிவிடுங்கள். அனுப்பியதற்கான சான்றைச் சேமியுங்கள். காலத்தில் விண்ணப்பித்தவருக்கு முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடரும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் காட்ட ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்று தருவார்கள்.

இந்தச் சான்றோடு ஊருக்குப் போய் வரலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. சான்றுக்குள்ளே எந்தப் பிரிவில் குறியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதி தொடர்வதாகப் பொருள், போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனியை விட்டுப் போனால் அதைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். இன்னொன்று: வதிவிட அட்டையின் காலம் பாஸ்போர்ட் காலத்தைத் தாண்டாது. பாஸ்போர்ட்டில் ஓராண்டுதான் மிச்சமென்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் அட்டைக்கு இரண்டு முறை அலைந்து இரண்டு முறை கட்டணம் கட்ட நேரும். புகைப்படமும் 2025 மே முதல் மின்வடிவில்தான் ஏற்கிறார்கள், கையில் அச்சிட்டுக் கொண்டுபோனது செல்லாது.

வீடு: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் கால்ட்மீட்டே, 'குளிர் வாடகை'. தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் போன்றவையும் பல வீடுகளில் சூடேற்றும் செலவும் சேர்ந்தால் 'வெது வாடகை'. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டை நேரில் பார்க்கும் முன் முன்பணம் அனுப்பச் சொல்பவர், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவர், வெளிநாட்டில் இருக்கிறேன் என்பவர் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தளவாடம் இல்லாத வீட்டில் சமையலறையே இருக்காமல் போகலாம். குழாய் முனையும் மின் இணைப்பும் மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். கூரையில் விளக்கு இருக்காது, கம்பி தொங்கும். ஒப்பந்தத்தில் சமையலறை சேர்த்தி என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவார்கள். ஒவ்வோர் அறையிலும் சுவர்க் கீறல், தரைக் கறை, ஜன்னல் கைப்பிடி, கழிவறைக் கிண்ணத்தின் விரிசல் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றி, தேதியோடு படமெடுங்கள். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மீட்டர் எண்களையும் படமெடுங்கள். அன்று எழுதப்படாத கீறல் நீங்கள் காலி செய்யும் நாளில் உங்கள் கீறலாகிவிடும். மின்சாரத்துக்கு எந்த ஒப்பந்தமும் போடாவிட்டாலும் விளக்கு எரியும். அந்த ஊரின் அடிப்படை வழங்குநர் தானாகவே உங்களை எடுத்துக்கொள்கிறார், பெரும்பாலும் கூடுதல் விலையில். இரண்டு வார முன்னறிவிப்பில் அதிலிருந்து மலிவான வழங்குநருக்கு மாறலாம்.

இனி பூஞ்சை. முன்பணத் தகராறுகளில் இது அடிக்கடி வரும் விஷயம். காரணத்தைப் புரிந்துகொண்டால் தடுப்பது எளிது. வெது காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். அது குளிர்ந்த வெளிச்சுவரில் படும்போது ஈரம் நீராகப் படியும். சுவர் தொடர்ந்து நனைந்தால் கறுப்புப் புள்ளி கிளம்பும். குக்கர் விசில், இட்லிக் கொப்பரை, கொதிக்கும் குழம்பு, அறைக்குள் உலரும் துணி எல்லாம் அந்த ஈரத்தைத்தான் காற்றில் ஏற்றுகின்றன. அடுப்புக்கு மேலிருக்கும் புகைவாங்கி பல வீடுகளில் காற்றை வெளியே தள்ளுவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டிவிட்டு அதே காற்றை அறைக்குள்ளேயே விடும். ஆவி அப்படியே தங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நாளில் மூன்று, நான்கு முறை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலை முழுக்கத் திறந்து, முடிந்தால் எதிர் அறை ஜன்னலையும் திறந்து, ஐந்து நிமிடம் காற்றோட விடுங்கள். அவ்வளவில் ஈரக் காற்று போய்விடும், சுவர் ஆறுவதற்குள் மூடிவிடலாம். பனிக்காலத்தில் ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுவதும் விட்டுவைப்பதுதான் பெரிய தவறு. காற்று மாறுவது கொஞ்சம். ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் சில்லிட்டு, சரியாக அந்த இடத்தில்தான் பூஞ்சை வரும். சமைக்கும்போது சமையலறைக் கதவை மூடுங்கள். சமைத்து முடித்ததும் ஜன்னலைத் திறங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். 40-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் கவலையில்லை. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கையளவு விட்டு வையுங்கள். துணியை இயந்திரத்தில் அதிகச் சுழற்சியில் பிழிந்து, கட்டடத்தில் உலர்த்தும் அறை இருந்தால் அங்கே போடுங்கள்.

ரேடியேட்டர் திருகில் உள்ள எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அடுப்பின் தீயைப் போலக் கூட்டிக் குறைக்கும் திருகல்ல. 3 என்றால் அறை ஏறத்தாழ 20 டிகிரி வரும்வரை சூடாக்கிவிட்டு நிற்கும்; ஓர் எண் கூடினால் நான்கு டிகிரி கூடும். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, 28 டிகிரியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். பனித்துளிக் குறி குழாய் உறையாமல் காக்கும் நிலை. 3-இல் வைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள், ஆண்டு முடிவில் வரும் கணக்குக் கடிதம் கனிவாக இருக்கும்.

படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை உணரி கட்டாயம். மிளகாய் தாளிக்கும் நெடியில் அது அலறினால் ஜன்னலைத் திறந்து அட்டையால் விசிறுங்கள். கழற்றி வைக்காதீர்கள், வெளிக்கதவைத் திறந்து மாடிப்படிக்குப் புகையை விடவும் கூடாது.

குப்பை, போத்தல், அமைதி

நிறங்கள் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் வழக்கம் இது: நீலம் காகிதத்துக்கு, பழுப்பு சமையலறைக் கழிவுக்கு, மஞ்சள் பிளாஸ்டிக், தகரப் பொதிகளுக்கு, கறுப்பு அல்லது சாம்பல் மற்றதற்கு. மஞ்சளில் பொருளைச் சுற்றி வந்த பொதி மட்டும்தான் போகும். உடைந்த பிளாஸ்டிக் வாளி போகாது. கடை ரசீது வெப்பத்தாள், அது காகிதமல்ல, கறுப்புக்குப் போகும். கண்ணாடிப் போத்தல் தெருமுனைக் கொள்கலனில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரித்துப் போட வேண்டும். நீலப் போத்தல் பச்சையில் போகும். ஞாயிறிலும் இரவிலும் போடக் கூடாது, உடையும் சத்தம் தெருவுக்கே கேட்கும். தவறாகப் பிரித்தால் வண்டி எடுக்காமல் போய்விடும், கட்டடம் முழுவதற்கும் கூடுதல் கட்டணம் விழும்.

கடையில் வாங்கும் பானப் போத்தல் பலவற்றுக்கு முன்வைப்புத் தொகை உண்டு. ஒருமுறைப் போத்தலுக்கும் டின்னுக்கும் 25 செண்ட். திரும்ப நிரப்பும் போத்தலுக்கு வழக்கமாக 8 அல்லது 15. நசுக்காமல், பட்டைக்குறி கிழியாமல் கடையின் இயந்திரத்தில் போட்டுச் சீட்டை எடுத்துக் கல்லாவில் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் அரிசியும் பாருங்கள். ஞாயிறன்று துளையிடும் இயந்திரம், சுத்தியல் வேண்டாம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம், மிக்ஸியும் அதில் சேர்த்தி.

உறையின் நிறமும் நாள் கணக்கும்

முகவரி பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். தொலைக்காட்சியே இல்லை என்று கிழித்துப் போடாதீர்கள், அது ஏமாற்று இல்லை. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08. ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. கூட இருப்பவர் ஏற்கனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பினால் போதும். பதில் சொல்லாமல் விட்டால் குடியேறிய மாதத்திலிருந்து மொத்தமாகக் கேட்பார்கள்.

மஞ்சள் உறையில் வரும் கடிதத்தை அன்றே திறக்க வேண்டும். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேல் எழுதியிருப்பார். நீங்கள் எப்போது படித்தீர்கள் என்பது கணக்கில்லை, அந்தத் தேதியிலிருந்தே கெடு ஓடும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், கடிதத்தோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள். போக்குவரத்து அபராத உத்தரவை எதிர்க்க இரண்டு வாரம். நீதிமன்றம் வழியாக வரும் கடன் கோரிக்கைக்கும் இரண்டு வாரம். அந்தக் கடன் பொய்யாக இருந்தாலும் படிவத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், சும்மா இருந்தால் கோரிக்கை உறுதியாகிவிடும். மற்ற அரசு அலுவலக முடிவுகளுக்கு வழக்கமாக ஒரு மாதம். சாதாரணத் தபாலில் வந்த முடிவு அஞ்சலில் சேர்த்த நான்காம் நாளில் கிடைத்ததாகக் கொள்வார்கள். 2025-க்கு முன் இது மூன்றாம் நாள். ஊருக்கு ஒரு மாத விடுமுறையில் போகிறீர்கள் என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து, மஞ்சள் உறை வந்தால் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இரண்டும் எழுத வேண்டும். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் உண்டு, தமிழில் இல்லை. மூன்றாம் மாதத்தில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தால்தான் காலத்தில் முடியும். அதுவரை 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோவான ஜெர்மனி டிக்கெட் நகரப் போக்குவரத்துக்கும் வட்டார ரயிலுக்கும் போதும். நீண்டதூர விரைவு ரயிலில் செல்லாது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. அடுத்த மாதம் வேண்டாமென்றால் இந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் நிறுத்த வேண்டும்.

வீடு மாறும்போது

வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு. மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். பேனாவால் கையெழுத்திட்ட காகிதக் கடிதம் வேண்டும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் செல்லாது. பெட்டியில் போட்டதைப் பதியும் தபாலில் அனுப்புங்கள். இணையம், கைப்பேசி ஒப்பந்தங்களை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருக்க வேண்டிய ரத்துப் பொத்தானிலேயே முடித்துக்கொள்ளலாம்.

புது முகவரியை மறுபடி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். வதிவிட அட்டையிலும் முகவரியை மாற்றி வில்லை ஒட்டித் தருவார்கள். பழைய முகவரிக்கு வரும் தபாலைத் திருப்பிவிட அஞ்சல் நிறுவனத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் 'திருப்பி அனுப்ப வேண்டாம்' என்று குறித்த அலுவலகக் கடிதங்கள் அதில் வராது. வங்கி, காப்பீடு, நிறுவனம், ஒலிபரப்புக் கட்டணம் நான்குக்கும் நீங்களே எழுதுங்கள். பழைய பெட்டியில் உங்கள் பெயர்த் தாளைக் கடைசி நாள்வரை கிழிக்காதீர்கள். புதுப் பெட்டியில் சாவி வாங்கிய அன்றே ஒட்டிவிடுங்கள்.